துரை பங்களாவின் பீங்கான் மைக்கூடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டத் துரைமார் குடியிருந்த பழைய பங்களாக்களின் சாமான்களைப் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படத்தில் இருந்த பிரெஞ்சுப் பீங்கான் பெண்ணை ‘ஷோகேஸ் பொம்மை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது மைக்கூடு ஐயா. இடுப்பில் மூட்டுக்கோடு படத்திலேயே தெரிகிறது. இந்த மாதிரிக் கூடுகளில் மேல்பாதியைத் தூக்கினால் உள்ளே மைக்குழி இருக்கும், சிலவற்றில் மணலுக்கும் ஓர் இடம் உண்டு. ஒற்றுத்தாள் பரவுவதற்கு முன்னால் எழுதிய ஈரத்தின்மேல் மணல் தூவித்தானே காயவைத்தார்கள். அந்தக் காலத்து இரும்பு மை உலோகத்தை அரிக்கும், மெருகிட்ட பீங்கானை ஒன்றும் செய்யாது.

மை வைக்க ஒரு சாதாரணக் குப்பி போதுமே, பெண்ணுருவம் எதற்கு என்றால், மேசைக்கு எதிரே வந்து உட்காருபவர் பார்ப்பதற்கு! கறுத்த மைக்குழி கண்ணில் படாமல் மறைப்பதும், வீட்டுக்காரரின் ரசனையைச் சொல்லாமல் சொல்வதும் அதன் வேலைதான். லண்டன் வாலஸ் காட்சியகத்தில் 1758-ஐச் சேர்ந்த, பிரான்ஸின் செவ்ரு பீங்கான் பட்டறையில் செய்த மைக்கூடு ஒன்று இருக்கிறது, பூகோளமும் வானகோளமும் இரு பக்கமும் வைத்துச் செய்தது, பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி தன் மகளுக்குக் கொடுத்தது என்று கருதுகிறார்கள். அரண்மனையோடு நிற்கவில்லை இந்த ஆசை. 1830-களில் பிரான்ஸின் ஃபோன்தேன்புளோ ஊரில் ழாக்கோப் பெத்தி என்ற பீங்கான் பட்டறைக்காரர் பூவும் சுருளும் தங்கப்பூச்சுமாக உருவச் சாமான்களை வசதியுள்ள வீடுகளுக்குச் செய்து தள்ளினார். அப்புறம் ஊற்றுப்பேனா வந்தது, மை ஊற்றுவது நின்றது, கூடு மட்டும் மேசையைவிட்டுப் போகவில்லை.

மலேசியாவில் பிரெஞ்சுச் சாமானா என்று கேட்பவர்களுக்கு: நம் கோலசிலாங்கூர் வட்டாரத்திலேயே ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தோட்டம் போட்டிருக்கிறார், 1917-ல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டவரும் அவர்தான். அதற்காகப் படத்தில் இருப்பது அவருடையது என்று யாரும் விலை ஏற்ற வேண்டாம்.

அடியில் இரண்டு ‘எல்’ பின்னிய முத்திரை இருந்தாலும் செவ்ரு என்று உடனே துள்ளாதீர்கள், பாரிஸின் சாம்சன் பட்டறை போல நகல் செய்தவர்கள் ஏராளம். குளோரக்ஸ் வெளுப்பு நீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம், தங்கப்பூச்சு போய்விடும். மேல்பாதியையும் அடிப்பாதியையும் பிரிக்காமல் வைத்திருங்கள், பழைய சாமான் லோரிக்காரர் ஒன்றை மட்டும் எடுத்துப்போனால் மற்றதற்கு மதிப்பே இல்லை.

அடுத்த முறை படம் போட்டால், மேல்பாதியைக் கழற்றி உள்ளே தெரியும்படி ஒன்று போடுங்கள்.

– ஓய்வுபெற்ற கிராணியின் மகள், பத்தாங் பெர்ஜுந்தை