11 வருடம் நான் சொல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு

எங்கள் ஊர் மக்களுக்கும், அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்கு வயது 61. நாலு பிள்ளை பெற்றவள். கடைசிப் பிள்ளை பிறந்த முப்பதாம் நாளே நாற்றுக்கட்டு சுமந்தேன். ஐம்பது வயதில் கர்ப்பப்பை இறங்கத் தொடங்கியது. முதலில் குந்தி எழுந்தால் கீழே ஏதோ கனமாக இருக்கும், அவ்வளவுதான். போகப்போக இருமினாலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளியே வந்துவிடும். கையால் உள்ளே தள்ளி, பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போவேன். சிறுநீர் கழிக்கவும் அதைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற தங்கச்சிக்குத்தான் முதல் நன்றி. அன்றைக்குத் திண்ணையில் நான் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில், "பெரியம்மா, கீழ எதுவும் இறங்கியிருக்கா? எங்கம்மாவும் இப்படித்தான் உக்காருவாங்க" என்று கேட்டாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அடுத்த வீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய் தாயே. மறுநாள் கிராம செவிலியரம்மாவையும் கூட்டி வந்தாய்.

டாக்டரம்மா, வெளியே வந்த இடம் துணியில் உரசி உரசிப் புண்ணாகிக் கிடந்தது. புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, தோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று முடிவு வந்ததும் மகனைத் தனியே கூப்பிடாமல் என்னிடமே சொன்னீர்கள். இது ஏன் வந்தது என்று கேட்டேன். கர்ப்பப்பையைத் தாங்குகிற தசையும் நாரும் தூளிச் சேலை மாதிரி. பிரசவம், தலைச்சுமை, அடுப்புப் புகை இருமல், மலச்சிக்கல் எல்லாம் வருடக்கணக்கில் இழுத்தால் அது நைந்து தொங்கும், மாதவிலக்கு நின்றபிறகு இன்னும் தளரும் என்றீர்கள். "உங்க மேல தப்பு ஒண்ணுமில்லம்மா" என்று நீங்கள் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஏதோ பாவம் செய்ததால் வந்தது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பயிற்சியே போதுமாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னீர்கள். ரப்பர் வளையம் வைத்துத் தாங்கிக்கொள்ளலாம், அதை அவ்வப்போது எடுத்துக் கழுவி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆபரேஷன். இரண்டையும் விளக்கிவிட்டு, எது வேண்டும் என்று என்னையே கேட்டீர்கள். என் உடம்பைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

புண் ஆறினால்தான் கத்தி வைக்க முடியும் என்பதால் 12 நாள் வார்டில் இருந்தேன். மஞ்சள் மருந்தில் நனைத்த துணியைத் தினமும் காலையில் மாற்றுவார்கள். அந்த நர்ஸம்மா ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஆயாம்மா ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து திரையை இழுத்து மூடுவாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. அவளுக்கு என் கும்பிடு.

எனக்கு ரத்தம் குறைவாக இருந்ததால் இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக ரத்தம் கொடுத்த இரண்டு கல்லூரிப் பையன்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு, வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தொய்ந்த சுவரைத் தைத்துவிட்டார்கள். மூன்று மாதம் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று உத்தரவு. அத்தனை நாளும் தண்ணீர் எடுத்தவள் என் மருமகள். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை. சிறுநீரை அடக்குவது மாதிரி இறுக்கி, ஐந்து எண்ணி விடுகிற பயிற்சியை இப்போது தினமும் மூன்று வேளை செய்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறவளும் அவள்தான்.

நடவுக் கூட்டத்து அக்கா தங்கச்சிகளே, நான் வராத நாளிலும் என் வீட்டுக்கு அரிசி வந்தது. யார் வைத்துவிட்டுப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

நான் வீடு திரும்பியபிறகு, இருட்டினதும் கொல்லைப்பக்கமாக வந்து, "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொன்ன மூன்று பேருக்கும் நன்றி. என்னிடம் சொல்லலாம் என்று நினைத்தீர்களே, அதற்காக. வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா இருப்பார்களாம், விசாரித்துவிட்டேன். முதல் பஸ்ஸுக்கு நானும் உங்களோடு வருகிறேன்.