யானைத் தலை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய தொப்பியின் படம் கிடைத்தது. நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு படம், அதன் கீழே ஒரு வரி: ‘அப்பா, கனடாவில் யானை ஏன்?’ அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘சாப்பிட்டேன் என்று ஒரு சொல் எழுதேலாதா இவனுக்கு?’ என்றாள். போனில் தட்ட எனக்கு விரல் வளையாது. தாளில் எழுதித் தங்கச்சியிடம் கொடுக்கிறேன், அவள் படம் எடுத்து அனுப்புவாள்.

அந்த யானை நம்முடைய யானைதான். கனடா விமானப் படையின் 413ஆம் ஸ்குவாட்ரனின் சின்னம். இப்போது அவர்கள் உன் நோவா ஸ்கோஷியாவிலேயே, கிரீன்வுட்டில் இருந்துகொண்டு கடலில் தத்தளிப்பவர்களைத் தேடி மீட்கிறார்கள். 1942இல் இருந்தது காலிக்கு அங்கால், கொக்கலை வாவியில். ஷெட்லண்ட் தீவுக் குளிரிலிருந்து கட்டலினா கடல் விமானங்களோடு நேரே நம்முடைய புழுக்கத்துக்கு வந்து இறங்கியவர்கள். இங்கே இருந்ததற்கு ஞாபகமாகத்தான் யானைத் தலை. தங்களைக் கொம்பன் யானை என்றே சொல்லிக்கொள்வார்களாம். கீழே உள்ள இலத்தீன் வாசகத்துக்கு, அலைகளைக் காவல் காக்கிறோம் என்று அர்த்தம். சிங்கத்துக்கும் புலிக்கும் நடுவே காலம் தள்ளிய எனக்கு யானையைப் பார்க்க ஒரு நிம்மதி. அதுவும் இங்கே ஒரு கட்சியின் சின்னம்தான், அது வேறு கதை.

ஏப்ரல் 4ஆம் திகதி விடியுமுன் பேர்ச்சல் என்ற கனடாக்காரர் ஒரு கட்டலினாவில் கிளம்பினார். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான். பொழுது சாய்ந்து, திரும்ப வேண்டிய நேரத்தில் தெற்கே ஏதோ புள்ளிகள். திரும்பியிருக்கலாம். கிட்டப் போய்ப் பார்த்தார். ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள். செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது தரம் போய்க்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்திவிட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் செத்தார்கள், மற்ற ஆறு பேர் போர் முடியும் வரை ஜப்பானியரிடம் கைதிகள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. செய்தி முந்தியே கிடைத்ததால் துறைமுகத்தில் கப்பல்கள் அவ்வளவாக இல்லை. அப்பப்பா அப்போது அங்கே கிளார்க். பிட்டுக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே மேசைக்குக் கீழே போன கதை உனக்குத் தெரியும். ஆனால் சேதி கிடைத்தும் என்ன, இரத்மலானையில் விமானங்கள் மேலே கிளம்ப முதலே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். அங்கே இருந்த பிரிட்டிஷ் விமானப் படையின் 30ஆம் ஸ்குவாட்ரனின் சின்னம் பேரீச்ச மரம், முதல் உலகப் போரில் மெசப்பத்தேமியாவில் கிடந்த ஞாபகம். பாலைவனத்து மரத்தைச் சுமந்துகொண்டு தென்னந்தோப்புக்கு வந்திருக்கிறார்கள். போன போன இடத்தையெல்லாம் சட்டையில் தைத்துக்கொள்கிற ஆட்கள்.

படத்தை எடுத்தது செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. ஹலிஃபாக்ஸிலிருந்து அவ்வளவு தூரம், வேலை நாளில். லீவாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. இப்படி ஒரு விஷயத்தைத் தேடிப் பிடிக்கிற கண் உனக்கு அப்பப்பாவிடமிருந்து வந்தது, ஆனால் அவர் வாரம் தவறாமல் ஊருக்குக் காகிதம் போட்டவர். சாப்பிடு. கடைச் சாப்பாட்டை விட்டு இரண்டு முட்டையாவது பொரித்துச் சாப்பிடு.

தம்பி, கார்த்திகையில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எடுத்தாய். மூன்று தரம். நான் நித்திரை இல்லை. போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, திரையில் உன் முகம், அந்த நீலச் சட்டைப் படம். மாமா வீட்டில் நீ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எழும்பி யார் என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். அவளுக்கு இன்னும் தெரியாது. தங்கச்சி இதைப் படம் எடுக்கும்போது வாசிப்பாள், வாசிக்கட்டும்.

அன்றைக்கு என்ன சொல்ல எடுத்தாய்?

இப்போது ஹோலில்தான் படுக்கிறேன், எத்தனை மணியானாலும் எடு. அந்தத் தொப்பியை விலை பார்த்து நீயே வாங்கிப் போடு. காது மூடுமா அது? மூடாவிட்டால் அம்மா பின்னியதை உள்ளே போட்டு, மேலே இதைப் போடு. வண்டியை மெதுவாக ஓட்டு.

அப்பா
வெள்ளவத்தை