ரோமில் தண்ணீர் பிடித்த கதை

அன்புள்ள கலை,

உன் நீண்ட மின்னஞ்சல் கிடைத்தது. தங்கச்சி கல்யாணப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தேன். மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டாரா, இல்லை போட்டோகிராபர் படுத்தின பாடா? நான் வராததற்கு ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறாய். திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. ரோமில் என் கட்டடக்கலைப் பயிலரங்கு தொடங்கும் தேதியும் முகூர்த்தமும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் நான் என்ன செய்ய?

"கொலோசியத்தைப் பற்றி எழுதாதே, அதை யூட்யூபில் பார்த்துக்கொள்கிறேன்" என்று கட்டளை வேறு, பழைய ரோமின் மிளகுக் கிடங்கைப் பார்த்து எழுது என்று இன்னொன்று. சரி, ஒரே வரியில் முடிக்கிறேன்: பெரியது, வெயில், கூட்டம். போதுமா?

வந்து சேர்ந்த கதையும் சுருக்கமாகத்தான். விசாவுக்கு அப்பாவின் வங்கிக் கணக்கு, கல்லூரிக் கடிதம், உதவித்தொகைக் கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தேன். விமானம் வளைகுடாவில் மாறி ரோமின் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கியது. குடியேற்ற அதிகாரி என்ன கேட்பாரோ என்று வழியெல்லாம் பதில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ரயிலில் டெர்மினி நிலையம் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இங்கே பைன் மரங்கள் அடியில் மொட்டையாகவும் உச்சியில் மட்டும் பச்சையாகவும் நிற்கின்றன. வரைபடப் பாடத்தில் சும்மா கோடு இழுத்த மாதிரி மரம் வரைவேனே, அதற்காக எத்தனை முறை மதிப்பெண் குறைத்தார்கள்! அந்த மரம் உலகத்தில் நிஜமாகவே இருக்கிறதுடி.

அறையில் மூன்று பேர். ஒருத்தி போர்ச்சுகல், ஒருத்தி துருக்கி. மூன்று பேருக்குமே ஆங்கிலம் அரைகுறை என்பதால் சண்டை வர வழியே இல்லை. நடந்து போகும் தூரத்தில் எஸ்குவிலினோ சந்தை இருக்கிறது. கறிவேப்பிலை, வெண்டைக்காய், பாகற்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர்களில் பாதிப் பேர் வங்கதேசத்துக்காரர்கள். எதை வாங்கினாலும் யூரோவை நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. காபிக்கு மட்டும் பெருக்குவதை நிறுத்திவிட்டேன். இங்கே காபியை நின்றுகொண்டே இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள், உட்கார்ந்தால் விலை ஏறும். நம்ம பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பழக்கம் எனக்குக் கைகொடுக்கிறது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். நான் வளைவும் தூணும் பார்க்கத்தான் வந்தேன். கட்டடக்கலை படிக்கிறவள் ரோமுக்கு வேறு எதற்கு வருவாள்? ஆனால் வந்ததிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டது தெருக்குழாய்தான்.

தெருவுக்குத் தெரு இடுப்பு உயரத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தூண் நிற்கும், அதிலிருந்து மூக்கு போல வளைந்த ஒரு குழாய். 'நசோனே' என்பார்கள். 1874இல் நகராட்சி வைக்க ஆரம்பித்தது, இன்று ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாள் பாட்டிலை நிரப்பியதும் என் கை தானாகத் திருகைத் தேடியது. அப்படி ஒன்று அதில் கிடையவே கிடையாது. லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு வரிசையில் நின்றவளுக்கு, ஓடுகிற தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் வளைவின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே பீய்ச்சி அடிக்கும், குனிந்து குடித்துக்கொள்ளலாம். எங்கள் தெரு முனைக் குழாயில் காலையில் காய்க்கடைக்காரர் கீரை அலசுவார். அப்புறம் நாய்க்குத் தண்ணீர், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவார்கள்.

வீணாகப் போகிறதே என்று எங்கள் பயிலரங்கு ஆசிரியையிடம் கேட்டேன். குழாயில் தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கெடாது என்றார். 2017 வறட்சியில் இவற்றையும் அடைக்க ஆரம்பித்தார்கள், ஊரில் பெரிய கூச்சல் கிளம்பியதாம்.

இந்தத் தண்ணீர்ப் பைத்தியம் இவர்களுக்குப் பழையது. பழைய ரோமுக்கு மொத்தம் 11 கால்வாய்கள் வந்தன. கி.பி. 97இல் ஃப்ரொன்டினஸ் என்பவரைத் தண்ணீர்த்துறை அதிகாரியாகப் போட்டார்கள். அவர் எழுதி வைத்த அறிக்கை இன்றும் இருக்கிறது. அதில் என்ன புலம்புகிறார் தெரியுமா? ஆட்கள் திருட்டுத்தனமாகக் குழாயில் ஓட்டை போட்டு இழுக்கிறார்களாம், தண்ணீர்த்துறை ஊழியர்களே அதற்கு உடந்தையாம், கணக்கில் உள்ள தண்ணீருக்கும் வந்து சேர்கிற தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லையாம்! எங்கள் தெருவில் ராத்திரியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகள் நினைவுக்கு வந்து, வகுப்பிலேயே சிரித்துவிட்டேன்.

அந்தக் கால்வாய்களில் ஒன்று இன்னும் ஓடுகிறது. அகுவா விர்கோ என்று பெயர். கி.மு. 19இல் அக்ரிப்பா கொண்டுவந்தது. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் மருமகன் என்று உனக்குத் தெரியும். சுமார் 20 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி பூமிக்கு அடியில். மொத்த நீளத்துக்கும் இறக்கம் வெறும் 4 மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பார், கிலோமீட்டருக்கு ஒரு சாண்கூட முழுசாக இல்லை! கொஞ்சம் கூடினால் தண்ணீர் வேகமெடுத்துச் சுவரை அரிக்கும், குறைந்தால் தேங்கி வண்டல் படியும். இதற்கு அவர்களிடம் இருந்த கருவி, ஆறு மீட்டர் நீள மரப்பலகை, அதில் தொங்கும் தூக்குக்குண்டுகள், காற்றடித்தால் குண்டு ஆடுமே என்று பலகை மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு பள்ளம். அவ்வளவுதான். நம்ம கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பாரே, அதே தத்துவம்.

இதைக் கேட்டபோது உன் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். நம்ம கரூர்ப் பக்கம் கட்டளை வாய்க்காலில் மடை திருப்பிவிட்டு, "இந்த வயலுக்கு ஏறும், அந்த வயலுக்கு ஏறாது" என்று கண்ணாலேயே சொல்வாரே. நாம் லீவு நாளில் அங்கே கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது ஒரு வித்தை என்றே எனக்குத் தோன்றியதில்லை. நான்கு வருடம் கல்லூரியில் படித்தும் சரிவு என்பதை நான் எண்ணாகத்தான் பார்த்தேன்.

அந்தக் கால்வாயை நான் நேரில் பார்த்த இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். ஒரு பெரிய துணிக்கடையின் அடித்தளம்! டிரிட்டோனே தெருவில் கடையைப் புதுப்பிக்கத் தோண்டியபோது கால்வாயின் வளைவுகள் வெளிப்பட்டன. கடைக்காரர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் கடை போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் பீங்கான் தட்டும் காபிக் கோப்பையும் அடுக்கியிருக்கிறது, எதிர்ப்பக்கம் ஈராயிரம் வருடத்துக் கல் வளைவு. ஒரு அம்மா கையில் வாணலியை வைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். டிக்கெட் கிடையாது, யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ட்ரெவி நீரூற்று. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு காசு எறியும் இடம். 1762இல் கட்டி முடித்தது. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் தருவது இதே கால்வாய்தான். காசெல்லாம் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. நான் எறியவில்லை. நூறால் பெருக்கிப் பார்த்தேன்.

இது எப்படிப் பிழைத்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 537இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டபோது கால்வாய்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். இது பெரும்பாலும் மண்ணுக்கடியில் கிடந்ததால் மற்றவை அளவுக்குச் சேதமாகாமல் தப்பித்தது. ஆனால் அது மட்டும் போதாது. நடுவில் பல தடவை தூர்ந்து போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு போப்பாண்டவர் தூர்வாரிச் சரிசெய்திருக்கிறார். 1453இல் ஐந்தாம் நிக்கோலஸ் செய்தது பெரிய வேலை. நம்ம ஊரில் கல்வெட்டுள்ள மதகின் மேல் துணி துவைத்தால் "பாரம்பரியத்தின் அருமை தெரியாத ஜனங்கள்" என்று நீயும் நானும் தலையில் அடித்துக்கொள்வோம் இல்லையா? இப்போது எனக்கு அதில் சந்தேகம் வந்துவிட்டது. துவைத்துவிட்டுப் போகட்டும். அந்த மதகை இருபது வருடத்துக்கு ஒருமுறை யார் வந்து பார்க்கிறார்கள், யாருடைய செலவில் என்று கேட்டிருக்க வேண்டும். நம் சண்டையை அந்தப் பக்கம் திருப்பலாம் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?

உடனே ரோம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. குப்பைத்தொட்டி வழிந்து நடைபாதைக்கு வருவதில் நமக்குச் சளைத்த ஊர் இல்லை இது. பஸ் வரும் நேரம் பலகையில் காட்டும், பஸ் வராது.

அக்ரிப்பா என்றதும் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் ஞாபகம் வருகிறது. முகப்பில் கொட்டை எழுத்தில் அக்ரிப்பா கட்டியது என்று இருக்கும், ஆனால் அவர் கட்டியது எரிந்துபோய், இப்போது நிற்பது பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது. தன் பெயரை விட்டுவிட்டு முன்னவர் பெயரைப் போட்டிருக்கிறார் மனிதர். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கே பெயர் பொறிக்கிற நாட்டிலிருந்து வந்தவளுக்கு அதுவே பாதி அதிசயம். உள்ளே குவிமாடம் 43.3 மீட்டர் விட்டம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே உயரம். ஒரு கம்பி கிடையாது, கலை! எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். கீழே கனமான கல்லைப் போட்டு, மேலே போகப் போக எடை குறைத்து, உச்சியில் நுரைக்கல்லைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே விழும், தரையில் வடிகால் ஓட்டைகள் இருக்கின்றன. 609ஆம் வருடத்திலிருந்து அது தேவாலயம். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகோஸ்தே ஞாயிறன்று பூசை முடிந்ததும் தீயணைப்புப் படையினர் கூரையில் ஏறி அந்த வட்டம் வழியாகச் சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுகிறார்கள். நான் பார்த்துவிட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து இதழ் நேராக விழாது, வெயில் கற்றைக்குள் சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்கும். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி ஐந்தாறு இதழ்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். எனக்கும் இரண்டு கொடுத்தார். உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட மிளகுக் கிடங்குக்கு இப்போதுதான் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில், பேரரசர் மாக்ஸென்டியஸ் பெயர் கொண்ட மண்டபத்தின் மூன்று பிரம்மாண்ட வளைவுகள் மட்டும் மிச்சம் நிற்கின்றன. அதற்கு அடியில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்திருக்கிறது. அந்த வளைவுக்குக் கீழே நின்றபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றின மூட்டை செங்கடல், ஒட்டகம், நைல், அலெக்சாந்திரியா என்று சுற்றி இங்கே வந்து இறங்கியிருக்கிறது. எகிப்தில் பெரெனிகே துறைமுகக் கோயிலில் ஒரு சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது என்று நீதானே எனக்குச் சொன்னாய்? ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இந்தக் காரத்தைப் போய் யார் விரும்புவார்கள் என்று அலுத்துக்கொள்கிறார், ஆனால் நாட்டுப் பணம் வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்றும் கணக்குப் பார்க்கிறார். 408இல் கோத்துகளின் தலைவன் அலாரிக் ரோமை வளைத்துக்கொண்டு கேட்ட பணயத்தில் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. கொள்ளைக்காரனுக்கே ரசத்தின் அருமை தெரிந்திருக்கிறது.

போன அந்தப் பணத்தில் கொஞ்சம்தானே நம்ம கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசாகக் கிடைத்தது. சேரர் தலைநகர் வஞ்சி என்பது கரூரா கொடுங்களூரா என்ற சண்டையை இங்கே இழுக்காதே, நான் உன் கட்சிதான். அன்று சாயங்காலம் மிளகு பாஸ்தா சாப்பிட்டேன். இந்த ஊர்ப் பண்டம், ஆட்டுப்பால் சீஸும் இடித்த மிளகும் மட்டும்தான். சீஸ் வாடை நம்மை முதலில் மிரட்டும். மிளகு காப்பாற்றிவிடுகிறது.

அடுத்த மாத முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கும் பழைய இடங்களுக்கும் நுழைவு இலவசம், அன்றைக்கு ஓஸ்டியா போகலாம் என்று இருக்கிறேன். பழைய துறைமுகம். கப்பல் வியாபாரிகளின் கடைகள் முன்னால் தரையில் அவரவர் சின்னத்தை மொசைக்கில் பதித்திருப்பார்கள், ஒன்றில் யானை இருக்கிறது. உனக்குத் தெளிவாகப் படமெடுத்து அனுப்புகிறேன். உன் ஆய்வுக்கு எந்தக் கோணம் வேண்டும், அளவுகோல் வைத்து எடுக்க வேண்டுமா என்று அதற்குள் எழுது. நீ எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது ரோமானியப் பேரரசர் டிபேரியஸ் காசின் இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்ப வேண்டும், இங்கே எங்கள் ஆசிரியைக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். தாத்தாவிடம் இந்த ஒரு சாண் கணக்கைச் சொல்லி, என்ன சொல்கிறார் என்று அப்படியே எழுது.

அன்புடன்,
தேனு