ஞாயிறு மாலை ஜாஸ்: தட்டுவடைக்குத் தனி நேரம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை ஐந்தரைக்கு சேலம் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் ஜாஸ் இசை ஆல்பங்கள் கேட்கக் கூடுகிறோம். மழை வந்தால் கீழே ஹால்.

போன மாதம் ஏற்காட்டில் நடந்தது நினைவிருக்கும். பியானோ உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து யாருக்கோ போன் வர, புளூடூத் ஸ்பீக்கர் முழுக்க ரிங்டோன். (சரி, என் போன்தான்.) இந்த முறை ஒயர் போட்டுத்தான் கேட்கப்போகிறோம்.

முதலில் பியானோ கலைஞர் விஜய் ஐயரின் ‘கம்பேஷன்’ ஆல்பம், 2024. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பியானோ, பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம், டிரம்ஸ், மூன்றே பேர். தாளக் கணக்கை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் தொலைந்தோம். லிண்டா மே ஹான் ஓவின் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வந்து சேரும்.

அப்புறம் ஷபாகா ஹட்சிங்ஸ். லண்டனில் சாக்ஸபோனால் பேர் வாங்கியவர், 2023 முடிவில் அதை ஓரம் வைத்துவிட்டுக் குழல் பக்கம் போய்விட்டார். 2024 ஆல்பத்தில் ஷாகுஹாச்சி என்கிற ஜப்பானிய மூங்கில் குழல் வருகிறது. மூச்சுக்காற்று மூங்கிலில் உரசுவதுகூடக் காதில் விழும். அதனால் அந்த நேரத்தில் நம் நொறுக்குத்தீனியான தட்டுவடை செட் கிடையாது. ஒருவர் கடித்தாலும் மாடி முழுக்கக் கேட்கும்.

நேரம் மிஞ்சினால், இந்திய இசையோடு ஜாஸைக் கலக்கிற சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’, 2023. செல்வகணேஷின் கஞ்சிராவுக்காகவே. அது ஜாஸா இல்லையா என்கிற சண்டையை மாடிப்படியில் வைத்துக்கொள்ளலாம்.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் சொல்லிவிடுங்கள். எத்தனை தட்டுவடை செட் என்று கடையில் சொல்ல வேண்டும்.