மின்கோளாறைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நேரம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "முன்பெல்லாம் ஒரு பல்பையும் இரண்டு முழம் வயரையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கோளாறைச் சொல்லிவிடுவீர்கள். இப்போது கம்ப்யூட்டர் வந்த பிறகும் வண்டியைச் சாயங்காலம் வரை விட்டுப் போகச் சொல்கிறீர்களே, ஏன்?" என்று சென்ற மாதம் ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் சேலத்திலுள்ள எங்கள் வண்டி மின்பழுதுப் பணிமனையில் கேட்டார். அவருடைய தோட்டத்து ஜீப்பையும், பின்னாளில் அவர் மகன் வாங்கிய காரையும் பல வருடங்களாக நாங்கள்தான் பார்த்து வருகிறோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வேலை நெருக்கடியில் அவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பியது எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கக்கூடும் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறோம்.

பழைய ஜீப்பின் டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரம் ஏறக்குறைய வேண்டியதே இல்லை. எஞ்சினே பம்பைச் சுற்றுகிறது, பம்ப் தள்ளும் டீசலின் அழுத்தமே டீசலைத் தெளிக்கும் நாசிலைத் திறக்கிறது, சிலிண்டருக்குள் அமுங்கிச் சூடேறிய காற்றில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. பல ஜீப்களில் எஞ்சினை நிறுத்துவதற்குக்கூட இழுக்கும் கேபிள்தான். செல்ஃப் மோட்டார், குளிர்ந்த காலைகளில் ஹீட்டர் பிளக், பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகியவற்றுக்கு மட்டுமே பேட்டரி. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இரவு ஜீப்பைச் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டுக் கியரைப் போட்டுக் கிளப்புவது சாதாரண வழக்கமாக இருந்ததற்கு இதுவே காரணம். பேட்டரி அடியோடு படுத்துவிட்ட ஜீப்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, தாமாகவே எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. அந்த வண்டியின் வயரிங்கும் அதே எளிமை கொண்டது: பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து விளக்கு, திரும்பும் வழி வண்டியின் உடம்பு. டெஸ்ட் லாம்பை, அதாவது வயரில் கட்டிய அந்த பல்பை, வயரின் வழியே வைத்துக்கொண்டு போனால் எந்த இடத்தில் பல்பு எரியாமல் போகிறதோ, அதற்கு முந்தைய அடியில் கோளாறு இருக்கும். பழைய அம்பாசிடர் பெட்ரோல் வண்டியில் தீப்பொறி உண்டாக்கும் பாயிண்ட், கன்டென்சர், காயில் என்று இன்னும் மூன்று பொருள்களைப் பார்க்க வேண்டும். மலைப்பனியில், தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கிவிட்டால் உலர்ந்த துணியால் துடைப்பதே வைத்தியமாக இருந்தது.

இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் டீசலை எப்போது, எவ்வளவு விடுவது என்பதை ஈ.சி.யு. என்னும் கணினி முடிவு செய்கிறது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது, ரெயில் எனப்படும் பொதுவான டீசல் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடாயிருக்கிறது, ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தியிருக்கிறார் என்றெல்லாம் சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம் மட்டும் அது இன்ஜெக்டரைத் திறக்கிறது. கிராங்க் சென்சாரின் சமிக்ஞை வராவிட்டால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் கிளம்பாது. சாவிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லை (சிப்) வண்டி அடையாளம் காணவில்லை என்றாலும் அப்படித்தான். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு, புகையைக் கண்காணிக்கும் சென்சார்களும் இவற்றோடு சேர்ந்துவிட்டன. பல வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்ச்கூட விளக்குக்கு நேராக மின்சாரம் அனுப்புவதில்லை. விளக்கை எரிக்கச் சொல்லி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. இப்படிப்பட்ட பெட்டிகள் முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அதற்கு கேன் (CAN) என்று பெயர். பேச்சில்லாத நேரத்தில் இரண்டு கம்பிகளிலும் 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். டெஸ்ட் லாம்பை இந்தக் கம்பிகளில் வைப்பதில் பயனில்லை என்பதோடு, அந்த பல்பு இழுக்கும் மின்னோட்டமே உள்ளிருக்கும் பெட்டிகளைக் கெடுத்துவிடக்கூடும். எனவே எங்கள் பணிமனையில் ஈ.சி.யு. உள்ள வண்டிகளுக்கு டெஸ்ட் லாம்புக்குப் பதிலாக மல்டிமீட்டரையே பயன்படுத்துகிறோம்.

பெரியவரின் கேள்விக்கு நேரான பதிலாக, இரு வண்டிகளுக்கும் ஒரே நோய் வந்த ஒரு சமயத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு வாரத்துக்குள் மலையிலிருந்து ஒரு பழைய ஜீப்பும், பி.எஸ்.6 டீசல் கார் ஒன்றும் வந்தன. இரண்டிலும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழுச் சார்ஜ். ஜீப்பில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகியது, விளக்கு மங்கியது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் கட்டைக்கும் நடுவே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தபோது 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை, சந்தேகிக்க வேண்டும். எர்த் கேபிளின் முனையைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினோம். வேலை அத்துடன் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத துரு இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறிய கணக்கு: டீசல் வண்டியின் செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும்.

காருக்கு வந்ததும் எர்த் கோளாறுதான். ஆனால் அது வேறு உருவத்தில் வெளிப்பட்டது. எஞ்சின் சில காலைகளில் கிளம்பும், சில காலைகளில் கிளம்பாது. ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு ஒரு நாள் எரியும், பிரேக்குக்கான ஏ.பி.எஸ். விளக்கு மறுநாள் எரியும். பெட்டிகள் பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் ஐந்து இடங்களில் கோளாறு என்று ஐந்து குறியீடுகள் வந்தன. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் பேட்டரியையும் ஒரு சென்சாரையும் மாற்றியிருந்தார்கள். பணம் போனதே தவிர விளக்குகள் அணையவில்லை. ஐந்து பெட்டிகளுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்று வயரிங் படத்தில் தேடியபோது, அவற்றில் நான்கு பெட்டிகளின் எர்த் கம்பிகள் பேட்டரித் தட்டுக்கு அடியில் ஒரே போல்ட்டில் வந்து சேர்வது தெரிந்தது. அந்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் உப்பி, ஈரம் புகுந்து பச்சை பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து இறுக்கியதும் நான்கு குறியீடுகள் மறைந்தன. ஐந்தாவது, மற்றவை பேசாததால் அவற்றின் செய்தி வரவில்லை என்று இன்னொரு பெட்டி எழுதி வைத்த புகார், அதுவும் போய்விட்டது. ஜீப்புக்கும் காருக்கும் நாங்கள் செய்த பழுது ஒன்றேதான். ஜீப்பில் அந்த போல்ட்டைக் கண்டடைய பத்து நிமிடம் ஆனது, காரில் ஒன்றரை நாள் ஆனது.

ஸ்கேனர் இருக்கும்போது ஒன்றரை நாள் எதற்கு என்று தோன்றலாம். ஸ்கேனர் காட்டும் குறியீடு, ஈ.சி.யு. தன் இடத்தில் இருந்தபடி எதைக் கவனித்தது என்பதைச் சொல்லும். எந்தப் பொருள் கெட்டது என்பதைச் சொல்லாது. பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சுற்றில் சிக்கல் என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், வயரை இணைக்கும் கப்ளரில் எண்ணெய் இறங்கியிருக்கலாம், கம்பி எங்காவது உரசி அறுந்திருக்கலாம். ஸ்கேனர் வாங்கிய புதிதில் நாங்களும் இதில் தவறு செய்திருக்கிறோம். குறியீட்டை நம்பி ஒரு வாடிக்கையாளருக்குப் புதிய கிராங்க் சென்சார் போட்டோம். மூன்றாம் நாள் வண்டி குப்பனூர் சாலையில் நின்றது. தாங்கியின் விளிம்பில் உரசி மேலுறை போயிருந்த கம்பியை அதன் பிறகுதான் கண்டோம். சென்சாருக்கு வாங்கிய தொகையை அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். அன்று முதல், கம்பியைச் சோதிக்காமல் எந்தச் சென்சாரையும் மாற்றுவதில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறோம். சென்சார்கள் பலவற்றுக்கு ஈ.சி.யு. 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரே 5 வோல்ட் கம்பியை இரண்டு மூன்று சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும் வண்டிகளில், ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் பொய் சொல்லத் தொடங்கும். அப்போது குறியீடுகளின் வரிசைப்படி பொருள்களை மாற்றிக்கொண்டே போனால் வண்டியின் விலையில் பாதி போய்விடும்.

பழைய வண்டிகளில் தப்பித்த சில பழக்கங்கள் புதிய வண்டிகளைக் கொன்றுவிடுகின்றன. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிப்பது அவற்றில் முதன்மையானது. டைனமோ என்று நாம் சொல்லும் இப்போதைய ஆல்டர்னேட்டரிடமிருந்து பேட்டரியைத் திடீரென்று பிரித்தால் மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது பேட்டரிதான். அந்த ஒரு கணம் ஈ.சி.யு.வைச் சுட்டுவிடப் போதுமானது. தயவுசெய்து உங்கள் ஓட்டுநர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தாலே போதும். பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ நலம். சில புதிய வண்டிகளில் ஈ.சி.யு.வே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் 12.6 என்று காட்டினாலும் அதைக் கோளாறு என்று எண்ணி டைனமோவை மாற்றிவிடக் கூடாது. மலைப்பாதையில் நின்றுபோன காருக்கு லாரியின் 24 வோல்ட்டிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்ப முயல்வதும், வேனுக்குக் கேரியர் வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்றாமல் விடுவதும் இதே வகையைச் சேர்ந்த ஆபத்துகள். சங்ககிரிப் பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டுப்பெட்டிக்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால், அந்த ஒன்று பற்றாக்குறையிலும் மற்றது மிகைச் சார்ஜிலும் கெடும்.

பனிக்காலத்துக்கு முன் கூடுதல் பனிவிளக்கு பொருத்தச் சொல்லிப் பலர் வருகிறீர்கள். மலைப்பாதைக்கு அது வேண்டியதுதான். 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஜீப்பில் பார்க்கிங் விளக்கு வயரிலிருந்து பிரித்து இணைத்தால் வயர் சூடாகும், சுவிட்ச் கருகும். புதிய காரில் அப்படிச் செய்தால் விளக்குகளை ஆளும் பெட்டியே கெடலாம். பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) என்று போட்டுத்தான் நாங்கள் பொருத்துவோம். வண்டியின் வயரை வெட்டி இணைக்கச் சொல்லி வற்புறுத்தினால், வருத்தத்தோடு அந்த வேலையை ஏற்க மறுப்போம்.

ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு காரை வாரக்கணக்கில் அங்கேயே நிறுத்திவிட்டு வருபவர்கள், திரும்பிப் போகும்போது பேட்டரி படுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பூட்டி வைத்த புதிய காரும் கொஞ்சம் மின்சாரத்தை உண்ணும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் அது இயல்பு; அந்தக் கணக்கில் 60 ஆம்பியர் மணி பேட்டரி முழுதும் தீர ஐம்பது நாட்கள் ஆகும், ஆனால் செல்ஃப் அடிக்கும் தெம்பு பாதியிலேயே போய்விடும். ஏதோ ஒரு பெட்டி தூங்காமல் அரை ஆம்பியர் இழுத்தால் ஐந்தே நாளில் பேட்டரி காலி. அதைக் கண்டுபிடிக்க வண்டியைப் பூட்டிவிட்டு எல்லாப் பெட்டிகளும் தூங்கும்வரை சில சமயம் முக்கால் மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பையன் பூட்டிய காரின் பக்கத்தில் மீட்டரோடு சும்மா உட்கார்ந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றும் அந்த நேரத்தில் நடப்பது இந்த வேலைதான்.

எனவே அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சோதனைக் கூலியைப் பில்லில் தனியாக எழுதப் போகிறோம். இதுவரை அதைப் பொருள்களின் விலைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தோம். அதனால், மேலே சொன்ன எர்த் போல்ட்டைப் போல எந்தப் பொருளும் மாற்றாத வேலைகளுக்கு எங்களால் சரியாகக் கணக்குக் காட்ட முடியவில்லை, உங்களுக்கும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கவில்லை. சோதனையில் மீட்டர் காட்டிய அளவுகளைப் பில்லின் பின்புறம் எழுதித் தருவோம். மாற்றிய பழைய பொருளைக் கேட்காமலேயே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். ஒரு நாளுக்கு மேல் சோதனை நீளுமானால் தொடர்வதற்கு முன் உங்களைக் கேட்போம். ஈ.சி.யு. இல்லாத பழைய வண்டிகளுக்குச் சோதனைக் கூலி கிடையாது. அவற்றுக்கு பல்பு வைத்துப் பார்க்கும் பத்து நிமிடம் இன்னும் போதுமானதாகவே இருக்கிறது.

வண்டியை விட வரும்போது, கோளாறு எப்போது தெரிகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வந்தால் பெரிய உதவியாக இருக்கும்: காலைக் குளிரிலா, மலை ஏறும்போதா, மழைக்குப் பிறகா, எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாளா. எச்சரிக்கை விளக்கு எரியும்போதே செல்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு சாவிகளையும் கொண்டு வாருங்கள். இதற்கு முன் எங்கே என்ன மாற்றினீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். வேறு இடத்தில் காட்டியதற்காக நாங்கள் ஒருபோதும் வருத்தப்படுவதில்லை. வருவதற்கு முன் யாரிடமும் சொல்லிக் குறியீடுகளை அழித்துவிடாதீர்கள். கோளாறு நேர்ந்த கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்ற பதிவும் குறியீடுகளோடு சேர்ந்து அழிந்துவிடும். அது இல்லாமல் நாங்கள் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பணிமனைப் பொறுப்பாளர்,
வண்டி மின்பழுதுப் பணிமனை, சேலம்.