பொருள்: உங்கள் மென்பொருளுக்கு மாறியதில் என் நோயாளிகளின் பதிவுகள் குலைந்துபோனது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: தனியார் கிளினிக் மருத்துவர், அருப்புக்கோட்டை

ஐயா,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. டிக்கெட் போட்டால் "ரிசால்வ்டு" என்று மூடிவிடுகிறீர்கள். மறுபடி திறந்தால் வேறொருவர் எடுக்கிறார், அவருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். இதற்கும் ஒரு டிக்கெட் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பொது மருத்துவமும் குழந்தை மருத்துவமும் பார்க்கும் சிறிய கிளினிக் என்னுடையது. பழைய மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் தொழிலை விட்டுவிட்டதால் உங்களிடம் வந்தேன். "பழைய ரெக்கார்டு எல்லாம் ஒரு எழுத்து விடாம வந்துரும் மேடம், ஒரு சனி ஞாயிறு போதும்" என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார். அதை நம்பிச் சனிக்கிழமை இரவு பழையதை நிறுத்திவிட்டுத் திங்கள் காலை உங்களுடையதைத் திறந்தோம்.

அன்று ஓ.பி.யில் முதல் டோக்கன் காய்ச்சலோடு வந்த ஐந்து வயதுப் பையன். திரையில் எடை 64 கிலோ என்று இருக்கிறது. தினமும் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.8. அதெல்லாம் அவனுடைய தாத்தாவுடையது! தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கே ஒரு செல்போன் எண். பெயரும் எண்ணும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று உங்கள் 'ஆட்டோ மெர்ஜ்' இருவரையும் ஒன்றாக்கிவிட்டது. பிறந்த தேதியை ஒப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குழந்தைக்குப் பாரசிட்டமால் சிரப் எழுதுவதே எடையை வைத்துத்தான், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று. திரையை நம்பி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் அந்தப் பையனைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதனால் தப்பினான். நான் ஊரில் இல்லாத நாளில் என் இடத்தில் உட்காரும் டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

இனிஷியல் விஷயம் இதைவிட மோசம். உங்கள் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். தமிழ்நாட்டில் யாருக்கு ஐயா குடும்பப் பெயர் இருக்கிறது? உங்கள் ஆட்கள் இனிஷியலை வெட்டிவிட்டு அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரு புள்ளியை வைத்துவிட்டார்கள். இப்போது ஆர். முத்துலட்சுமி யார், கே. முத்துலட்சுமி யார் என்று வரவேற்பில் இருக்கும் பெண் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வரிசை தெருவுக்குப் போய்விடுகிறது.

இதைச் சொல்லத்தான் உங்கள் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தேன். பேசியவர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், உங்க டேட்டாவே குப்பை. குப்பையைக் கொடுத்தா குப்பைதான் வரும். பழைய கம்பெனிகிட்ட போய்க் கேளுங்க." சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குப்பையா அது? ஒரு பெண்ணுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி மூச்சு முட்டியதைப் பார்த்த கையோடு நான் தட்டச்சு செய்த வரி அதில் இருக்கிறது.

அந்த வரிதான் இப்போது இல்லை. பழைய மென்பொருளில் அலர்ஜிக்குத் தனிக் கட்டம் கிடையாது, 'குறிப்பு' என்ற பெட்டியில்தான் எழுதிவைப்போம். டேட்டா மைக்ரேஷனுக்கு (பழைய பதிவுகளை மாற்றுவதற்கு) முன்பே, பழைய கட்டம் எது புதியதில் எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் உங்கள் மேப்பிங் தாளில் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். குறிப்புப் பெட்டியை நீங்கள் கொண்டுவரவே இல்லை. கொண்டுவராவிட்டால் அலர்ஜிக் கட்டம் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் திரையில் "அலர்ஜி ஏதுமில்லை" என்று பச்சை எழுத்தில் வருகிறது. காலியாக இருந்தால் நோயாளியைக் கேட்பேன். "ஏதுமில்லை" என்று இருந்தால் எந்த டாக்டரும் கேட்காமல் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதிவிடுவார். இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள் மருத்துவ மென்பொருள் விற்கலாமா? அந்தப் பெண் தன் பர்ஸில் வைத்திருந்த என் பழைய சீட்டை நீட்டியதால் பிழைத்தார். உங்கள் மென்பொருளால் பிழைக்கவில்லை.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஊழியர்கள் சிலர் மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் மரியாதையாகப் பேசியவர்களாலும் ஒன்றும் நடக்கவில்லை.

"பேக்கப் டிஸ்கை எடுத்துக்கொண்டு சென்னை அலுவலகத்துக்கு வாருங்கள், மைக்ரேஷன் டீமே நேரில் பார்க்கும்" என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு இரவு பஸ்ஸில் ஹார்டு டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி என் பெயர் பட்டியலில் இல்லை என்று நிறுத்தினார். உள்ளே போனால் வரவேற்பில், "அந்த டீம் பெங்களூர்ல இருக்காங்களே மேடம், உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்கள். சாயங்காலம் வரை சோபாவில் உட்கார வைத்தீர்கள். கடைசியில் ஒரு பையன் வந்து டிஸ்கை வாங்கிக்கொண்டு போய், ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்து, "எங்க சிஸ்டத்துல யு.எஸ்.பி. போட அனுமதி இல்லை மேடம்" என்று கையில் கொடுத்தான். இதைச் சொல்வதற்கா என்னை அருப்புக்கோட்டையிலிருந்து வரவழைத்தீர்கள்? அன்று எனக்காகக் காத்திருந்து திரும்பிப்போன நோயாளிகளுக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்?

மருந்துச் சீட்டில் தமிழில் இருந்த குறிப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கின்றன. பழைய மென்பொருள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் சேமித்தது. அதை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, டிடிபி சென்டரில் வேலை பார்ப்பவருக்கும் தெரியும். கிளைமிபிரைடு சாப்பாட்டுக்கு முன், மெட்ஃபார்மின் சாப்பாட்டுக்குப் பின் என்று இருந்த இடத்தில் புரியாத எழுத்து அச்சாகி வருகிறது. சர்க்கரை நோயாளி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? உங்கள் ஆள் இதைத்தான் "கரப்ட் டேட்டா" என்று எழுதி டிக்கெட்டை மூடினார்.

தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. நவம்பர் 5 பிறந்த குழந்தை மே 11 பிறந்ததாக நிற்கிறது. தேதி 12க்கு மேல் போனால் கட்டமே காலி. தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு 9 மாதம் ஆகாத குழந்தைகளின் அம்மாக்களுக்கு "நாள் கடந்துவிட்டது" என்று உங்கள் எஸ்எம்எஸ் போய், பதறி ஓடிவந்தார்கள். அரசின் சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா எண் 14 இலக்கம். எக்செல் வழியாகக் கொண்டுவந்ததில் கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகிவிட்டன. நெடுவரிசையை எழுத்தாக வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் வேலை இது.

இன்னொன்று. பில்லில் 'ஸ்னோமெட் சிடி உரிமக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறது. ஸ்னோமெட் சிடி என்பது மருத்துவச் சொற்களுக்கான சர்வதேசக் குறியீட்டு அமைப்பு. அந்தக் குறியீட்டு அமைப்பில் இந்தியா 2014-லிருந்து உறுப்பு நாடு, இங்கே பயன்படுத்த உரிமக் கட்டணமே கிடையாது. எதற்காக வாங்கினீர்கள்?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளைப் பின்பற்றுவதாக உங்கள் பிரசுரத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். அந்தத் தரநிலையின்படி பதிவு நோயாளியுடையது, மருத்துவர் அதைப் பாதுகாக்கும் பொறுப்பில் மட்டுமே இருக்கிறார். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தணிக்கைத் தடமும் இருந்தாக வேண்டும். இரண்டு பேரை ஒன்றாக்கியதற்கான தடத்தைக் கேட்டால் "அந்த லாக் எங்ககிட்ட இல்லை" என்கிறீர்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. மதுரைக்கு இதய அறுவை சிகிச்சைக்குப் போகும் பெரியவர் தன் பழைய ஈசிஜி, ரத்தப் பரிசோதனை விவரங்களைக் கேட்டு வந்து நிற்கிறார். கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வாழ்நாள் உழைப்பையே அழித்துவிட்டீர்கள், ஊரில் என் பெயரே போய்விட்டது.

வணிக நோக்கத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று உங்கள் மேலாளர் மிரட்டினார். 2019 சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கத்தை அவரைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழில் செய்பவர் தன் பிழைப்புக்காகவே வாங்குவது வணிக நோக்கத்தில் சேராது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யவும், விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் எனக்குத் தயக்கமில்லை. இந்த மாவட்டத்தில் என்னைப் போன்ற டாக்டர்கள் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள், அவர்களிடமும் சொல்வேன். அந்த அளவுக்குப் போகக் கூடாது என்றுதான் இன்னும் விரும்புகிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். "அலர்ஜி ஏதுமில்லை" என்ற வரியை இன்றே எல்லா நோயாளிகளிடமிருந்தும் எடுத்து "தெரியாது" என்று மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒன்றாக்கிய பதிவுகளைப் பிரிக்கவும், குறிப்புப் பெட்டியைக் கொண்டுவரவும் தமிழ் தெரிந்த ஒருவரை என் கிளினிக்குக்கு அனுப்புங்கள். அதுவரை பழைய பதிவுகளைப் படிக்க மட்டுமாவது வழி செய்துகொடுங்கள். ஸ்னோமெட் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். வேலை முடியும்வரை சந்தா கட்ட மாட்டேன். கட்டாவிட்டால் லாகினை முடக்குவோம் என்று அனுப்பிய நோட்டீஸை உடனே திரும்பப் பெறுங்கள். முடக்கினால் அடுத்த கடிதம் வக்கீல் மூலமாகத்தான் வரும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளும் மதியம் இரண்டு மணிக்கு மேல் என்னுடன் பேசலாம். என் நோயாளிகளின் பதிவைக் குப்பை என்று சொன்னவர் மட்டும் பேச வேண்டாம், அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கிளினிக் மருத்துவர்

இணைப்பு: மேப்பிங் தாள் நகல், பில் நகல், சென்னைக்கு வரச் சொன்ன மின்னஞ்சல், ஒன்றாக்கப்பட்ட பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள் (நோயாளிகளின் பெயர் மறைக்கப்பட்டுள்ளது)