பயிற்சியாளர் என்பவர் கற்பவரா, கற்பிப்பவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கத்தில் 'பயிற்சியாளர்' என்றால் அணியை வழிநடத்துபவர். வேலைவாய்ப்பு விளம்பரத்திலும் பட்டறை அறிவிப்பிலும் அதே சொல் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரைக் குறிக்கிறது. 'இயந்திரத்தை இயக்குமுன் பயிற்சியாளர் சரிபார்க்க வேண்டும்' என்று ஓர் அறிவிப்பு சொன்னால் பொறுப்பு யாருடையது? படிக்கும் இருவருமே மற்றவர்தான் செய்ய வேண்டும் என்று நினைத்து நகர்ந்துவிடலாம்.

இதைத் தவிர்க்கும் வழி தமிழிலேயே இருக்கிறது. பயில் என்பது தன்வினை, பயிற்று என்பது பிறவினை. எனவே கற்பவர் பயிலுநர், கற்பிப்பவர் பயிற்றுநர். இலங்கைத் தமிழில் 'பயிலுநர்' நெடுநாளாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டில் தொழிற்சாலையில் வேலை பழகுபவருக்குத் 'தொழிற்பழகுநர்' என்ற நல்ல சொல் உண்டு. வானொலியில் வாசிக்கும்போது பயிலுநரும் பயிற்றுநரும் காதில் ஒன்றுபோல விழக்கூடும் என்பது உண்மைதான். அந்த இடத்தில் கற்பிப்பவரைப் 'பயிற்றுவிப்பாளர்' என்றுவிட்டால் போதும்.

'பயிற்சி' என்பதை முன்னொட்டாக வைப்பதிலும் கவனம் வேண்டும். 'பயிற்சி மருத்துவர்' என்றால் யாரும் குழம்புவதில்லை. 'பயிற்சி அதிகாரி' அப்படியில்லை: சிங்கப்பூரின் சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்தில் அதிகாரியாகத் தேர்ச்சி பெற முயலும் தேசியச் சேவையாளரும் (கட்டாய ராணுவச் சேவை செய்பவரும்) பயிற்சி அதிகாரி, நிறுவனத்தில் வகுப்புகளை ஏற்பாடு செய்யும் மேலாளரும் பயிற்சி அதிகாரி. 'பயிற்சி ஆசிரியர்' என்பதும் இதே சிக்கல்தான். 'பயிற்சி பெறும் அதிகாரி', 'ஆசிரியப் பயிற்சி மாணவர்' என்று எழுத ஒரு சொல் கூடும். தலைப்பில் இடம் இல்லையென்றால் செய்தியின் முதல் வரியிலாவது அது வரட்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம், ஆங்கிலம் ஒரே சொல்லால் அழைக்கும் மூன்று வெவ்வேறு 'ப்ரொபேஷன்' காலங்களில் இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில்படும் தமிழ்ச் சொல்லை எடுத்து மூன்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இந்த மூன்றுக்கும் சட்ட விளைவுகள் வேறு.

நீதிமன்றம் விதிப்பது நன்னடத்தைக் கண்காணிப்பு. சட்டப்படி அது 6 மாதத்திற்குக் குறையாமலும் 3 ஆண்டுக்கு மேற்படாமலும் இருக்கும். நன்னடத்தை அதிகாரி மேற்பார்வையிடுவார். வீடு திரும்பும் நேரம், சமூக சேவை போன்ற நிபந்தனைகள் சேரலாம். நிபந்தனையை மீறினால் மூலக் குற்றத்துக்கே தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரை 'நன்னடத்தைக் காலத்தில் உள்ளவர்' என்று ஒரு கடிதம் குறிப்பிட்டால், அவர் ஏதோ குற்றம் செய்தவர்போலத் தோன்றுகிறது. இது சிறிய பிழையன்று, ஒருவரின் பெயரைக் கெடுப்பது.

புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்றவருக்கு உள்ள காலம் ஓராண்டு. காரின் முன், பின் கண்ணாடிகளில் வலது மேல் மூலையில் முக்கோணச் சின்னம் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஓராண்டுக்குள் போக்குவரத்து விதிமீறலுக்கான குற்றப்புள்ளிகள் 13 அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் உரிமமே ரத்தாகும். மீண்டும் தேர்வுகளை எழுதித்தான் பெற வேண்டும். இங்கே 'புதிய ஓட்டுநர் காலம்' என்பதே பொருத்தம். 'பயிலும் ஓட்டுநர்' என்று எழுதினால், இன்னும் உரிமம் பெறாமல் 'எல்' பலகையுடன் ஓட்டுபவர் என்றாகிவிடும்.

வேலையிடத்தில் உள்ளது தகுதிகாண் காலம். ஊழியர்களுக்கு உண்மையில் நட்டம் ஏற்படுவது இங்கேதான், ஏனெனில் 'சோதனைக் காலம்' என்று சொல்லும்போது சட்டப் பாதுகாப்பும் பிறகுதான் தொடங்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வேலைவாய்ப்புச் சட்டம் முதல் நாளிலிருந்தே பொருந்தும். தகுதிகாண் காலம் எவ்வளவு என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் வேலை தொடங்கிய 14 நாள்களுக்குள் எழுத்துவடிவில் தரவேண்டிய முக்கிய வேலை நிபந்தனைகளில் அந்தக் காலமும், வேலையை முடித்துக்கொள்ளத் தரவேண்டிய முன்னறிவிப்புக் காலமும் இடம்பெறுகின்றன. முன்னறிவிப்பு பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், 26 வாரத்திற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு என்பது சட்டம். பொது விடுமுறைச் சம்பளம் புதியவருக்கும் உண்டு. மருத்துவ விடுப்பு 3 மாதச் சேவைக்குப் பிறகு 5 நாளில் தொடங்கி, 6 மாதத்தில் முழு 14 நாளாகிறது. மருத்துவமனையில் சேர்ந்தால் வரம்பு இதைவிட அதிகம். அந்த 3 மாதம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நிறுவனம் தகுதிகாண் காலத்தை 6 மாதத்துக்கு நீட்டித்தாலும் இது மாறாது.

அந்தக் காலம் முடிந்ததை 'நிரந்தரமாக்கப்பட்டார்' என்று எழுதுவதும் சரியில்லை. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டு ஊழியரும் அந்தக் காலத்தைக் கடக்கிறார். அவர் வேலை நிரந்தரமாகவில்லை. பேச்சில் 'கன்ஃபர்ம் ஆயிடுச்சு' என்கிறோம். எழுத்தில் 'பணி உறுதிசெய்யப்பட்டது' என்பதே உண்மையைச் சொல்கிறது.

புதியவர்களுக்கான மற்ற சொற்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'புதுமுகம்' தேர்தலுக்கும் திரைக்கும் அழகாகப் பொருந்துகிறது. கிரிக்கெட் செய்தியில் 'கத்துக்குட்டி அணி' என்பதைக் கைவிடலாம். 'வந்தேறி' எந்தப் பக்கத்திலும் வேண்டாம். முதன்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டவரையும் கன்னிச்சாமி என்று அழைக்கும் மொழி நம்முடையது. புதியவரை மதிப்போடு அழைக்க நமக்குத் தெரியாததில்லை.

துணையாசிரியர்கள் இத்தகைய சொல் வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்: இவர் கற்பவரா, கற்பிப்பவரா? இந்தக் காலத்தை விதித்தது நீதிமன்றமா, போக்குவரத்துக் காவல்துறையா, முதலாளியா? தவறினால் இவர் இழப்பது என்ன? ஆங்கிலக் கடிதத்தில் பதில் தெரியவில்லையென்றால் அனுப்பியவரிடம் கேட்டுவிடுவதே மேல். பயிலுநர், பயிற்றுநர், நன்னடத்தைக் கண்காணிப்பு, புதிய ஓட்டுநர் காலம், தகுதிகாண் காலம் ஆகிய ஐந்தையும் உங்கள் நாளிதழின் நடைக் கையேட்டில் சேர்க்குமாறும், வேலைவாய்ப்பு விளம்பரம் தரும் நிறுவனங்களுக்கும் அதன் பிரதியை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
தோ பாயோ